ஆட்டு வரைபடம்: ஒரு பேட்டர்ன்காரன் பார்த்த பார்வை

போன வைகாசியில் அக்கா மகள் பட்டறைக்கு வந்து, "ஏனுங் மாமா, ஆடு ஒண்ணு செஞ்சு பாக்கலாமுங்களா?" என்றாள். கறிக்குத்தான் அடி போடுகிறாள் என்று நினைத்து, "ஞாயித்துக்கெழம எடுத்துக்கலாம் அம்மணி" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தாள். உள்ளே கோடு கோடாக ஒரு கிளைடர், காற்றில் மிதந்து பறக்கிற சின்ன விமானம். பெயர் 'கோட்' (Goat), ஆடுதான். கலிபோர்னியாக்காரர் மைக் சாண்ட்லின் வடிவமைத்தது. மேலே இறக்கை, அதைத் தாங்கச் சாய்வாகத் தாங்கிகள், ஒரே ஒரு ஆளுக்கு இருக்கை. அலுமினியக் குழாய், துணி, போல்ட், இவ்வளவுதான் உடம்பு. எஞ்ஜின் கிடையாது. இதற்கு முன் 'பக்' என்று ஒரு பூச்சி, ரெட்டை இறக்கையோடு. அப்புறம் இந்த ஆடு. கன்னிவாடி சந்தையில் எத்தனையோ ஆடு பார்த்தாயிற்று, வரைபடத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

விலை? ஒன்றுமில்லை. அந்த மனுசன் தொழில்நுட்ப வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டார்.

நான் 31 வருசமாக மரப் பேட்டர்ன், அதாவது உலோக வார்ப்புக்கான மர மாதிரி, செய்கிறவன். கோயமுத்தூர் கணபதியில் சின்னப் பட்டறை. பம்ப் கேசிங், இம்பெல்லர், மோட்டார் பாடி, அப்பப்போ வால்வு. வரைபடம் படிப்பதுதான் எனக்குச் சோறு. விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு வரைபடத்தைப் பார்த்தால், வரைந்தவன் பொருளைத் தன் கையால் செய்தவனா, மேசையில் உட்கார்ந்தே கற்பனை பண்ணினவனா என்று சொல்லிவிடுவேன். மேசைக்காரன் ஸ்பேனர் நுழையாத இடத்தில் போல்ட் போடுவான். நான் எழுதப்போவது அந்த அளவில்தான்: வாங்கிப் பார்த்த ஒரு சரக்காக இந்த வரைபடக் கட்டு எப்படி, அதை நம் ஊரில் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடிந்தது, எங்கே மூக்கு உடைந்தது.

இதை எடுப்பதற்கு முன் அவள் வேறொரு கட்டைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாள். யாரோ விற்ற பழைய மரக் கிளைடர் வரைபடம். ஜெராக்ஸை ஸ்கேன் செய்து, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, மறுபடி ஸ்கேன் செய்த சமாசாரம். இறக்கையின் முதுகெலும்புக் கட்டை எத்தனை தடிமன் என்று பார்த்தால் அது 3/8 ஆகவும் தெரிகிறது, 5/8 ஆகவும் தெரிகிறது. கிட்டத்தட்ட 60 டாலர். திருப்பிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அதோடு ஒப்பிட்டால் ஆட்டு வரைபடம் பால் மாதிரி இருந்தது. கோடு சுத்தம், எண் சுத்தம். கம்ப்யூட்டரில் வரைந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் எழுத்து உடையவில்லை.

ஆனால் ஒன்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இவை வரைபடங்கள். செய்முறைப் புத்தகம் இல்லை. 'முதலில் இதை வெட்டு, பிறகு இதை மடி' என்று கைப்பிடித்துக் கூட்டிப்போகும் என்று நினைத்துத் திறக்கிறவர்கள் அரைமணி நேரத்தில் மூடிவிடுவார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. அக்கா மகளுக்கு அதில்தான் கோபம்.

இனி பிரிண்ட் கதை. காந்திபுரம் பக்கம் ஒரு பிளான் பிரிண்ட் கடை. ஒரு காலத்தில் அமோனியா பிரிண்ட் போட்டவர்கள். உள்ளே நுழைந்தாலே கண் எரியும். இப்போது பெரிய பிளாட்டர் வைத்திருக்கிறார்கள், ஏ.சி. வேறு. ஆள் நல்ல மனுசன், வேலையும் வேகம். ஏ3 தாள் ஒன்றுக்கு 20 ரூபாய் வாங்கினார். எல்லாம் சரி. அமெரிக்கத் தாள் அளவு வேறு, நம் தாள் அளவு வேறு என்பதுதான் அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

அவர்களுடைய லெட்டர் தாள் 216 மில்லி அகலம், நம் ஏ4 210. அவர்களுடைய 11-க்கு 17 இன்ச் தாளை நம் ஏ3-இல் அடக்கினாலும் கணக்கு அதேதான்: நூற்றுக்கு 2.7 சுருங்கிவிடும். "ஓரம் வெட்டுப்படாம இருக்கட்டுமேன்னு ஃபிட் பண்ணித்தானுங்ணா போட்டேன்" என்றார் கடைக்காரர், உதவி செய்த பெருமையோடு.

பேட்டர்ன் தொழிலில் இருக்கிறவனுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வரும். எங்களிடம் சுருக்க ஸ்கேல் என்று ஒன்று உண்டு. உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும், அதற்காக ஸ்கேலே கொஞ்சம் நீளமாக அடித்திருக்கும். வார்ப்பிரும்புக்கு அடிக்கு ஒரு நூல் (இன்ச்சில் எட்டில் ஒரு பாகம்). அலுமினியத்துக்கு அடிக்கு ஒன்றேகால் நூல். இந்தப் பிளாட்டரோ அடிக்கு ரெண்டரை நூலுக்கு மேல் சுருக்கிவிட்டது! என் பட்டறையில் எந்த உலோகமும் செய்யாத வேலையைக் காகிதம் செய்திருக்கிறது.

இதில் அக்கா மகள் மாட்டிக்கொண்டாள். ஒரு கீல் தகட்டை முழு அளவுக்குப் பெரிதாக்கி, பிரிண்ட் எடுத்து, அலுமினியத் தகட்டின் மேல் அப்படியே ஒட்டி, சுற்றி வெட்டி, ஓட்டையும் போட்டுவிட்டாள். ரெண்டு ஓட்டைக்கு நடுவே 4 இன்ச் இருக்க வேண்டும். வெர்னியர் வைத்தால் 3.89. ஏறக்குறைய ஒரு நூல் குறைவு. "அளவு எச்சுக்கம்மி இருக்குங்களா மாமா?" என்று அப்பாவியாகக் கேட்டாள். வரைபடத்தில் எண் போட்டிருக்கிறதல்லவா, அந்த எண்ணைத்தான் படிக்க வேண்டும். காகிதத்தின் மேல் ஸ்கேல் வைக்கிறவனுக்கு எங்கள் பட்டறையில் டீ கிடையாது என்று என் மேஸ்திரி சொல்வார். அவர் காலத்தில் அது நிஜமாகவே நடந்தது. எனக்கு ரெண்டு நாள் டீ போயிருக்கிறது.

அடுத்த தகடு. இந்த முறை எண்ணைப் பார்த்துத்தான் வரைந்தாள், அளவெல்லாம் கச்சிதம். மடித்துக் கொண்டுவந்து வைத்தாள், கை மாறியிருந்தது. இடது பக்கத் தகடு வேண்டிய இடத்தில் வலது பக்கம். காரணம், அவள் காலேஜில் படித்தது முதல் கோண முறை. நம் நாட்டில் சொல்லிக்கொடுப்பது அதுதான். வலது பக்கத் தோற்றத்தை இடது பக்கம் வரைவார்கள். அமெரிக்கர்கள் மூன்றாம் கோணம்: வலது பக்கத் தோற்றம் வலது பக்கமே இருக்கும். அமெரிக்கத் தாள் என்றால் சொல்லாமலே மூன்றாம் கோணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்றுமதி வேலை செய்கிற எங்களுக்கு இது கைவாக்கில் வந்துவிடும். தெரியாதவருக்குச் சாமானியமாக விளங்காது, ஏனென்றால் தவறாகப் படித்தாலும் படம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். பொருத்தும்போதுதான் குட்டு வெளிப்படும்.

நான் அசந்துபோன இடம் வேறு. போல்ட் பட்டியலில் எல்லாம் 'ஏ.என்.' போல்ட். அமெரிக்க விமானத் தொழிலின் தர எண்கள் இவை. 'ஏ.என்.3-12ஏ' என்று இருந்தால் என்ன அர்த்தம் என்று அக்கா மகள் விளக்கினாள். 3 என்றால் 3/16 இன்ச் தடிமன். 12 என்பதில் முதல் எண் இன்ச், ரெண்டாவது எண் எட்டில் எத்தனை பாகம். கடைசியில் உள்ள ஏ, காட்டர் பின் (நட்டு கழலாமல் செருகுகிற ஊசி) ஓட்டை இல்லை என்பதற்கு.

"அம்மணி, இது நம்ம நூல் கணக்குத்தான!" என்றேன். இன்ச்சில் எட்டில் ஒரு பாகம் ஒரு நூல். ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிற கணக்கு. பன்னிரண்டு என்று படிக்காதே, ஓர் இன்ச் ரெண்டு நூல் சொச்சம் என்று படி. தடிமன் ஒன்றரை நூல். அந்தக் காலேஜ் பிள்ளைக்கு மில்லிமீட்டரை விட்டால் நாதியில்லை. அறுபது வயது தச்சு ஆசாரியிடம் இந்தத் தாளைக் கொடுத்தால் மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவார். அமெரிக்க விமானக் குறியீடு கணபதி ஆசாரிப் பட்டறையோடு ஒத்துப்போகும் என்று யார் நினைத்தது?

இந்தப் போல்ட்டுக்குப் பதிலாக முக்குக் கடை எம்5 போல்ட்டைப் போடலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். போடக்கூடாது. கடைப் போல்ட்டில் பெரும்பாலும் தலை வரைக்கும் மரை ஓடும். குழாய்ச் சுவர் அந்த மரையின் மேல் உட்கார்ந்தால், ஆட ஆட அரம் மாதிரி ஓட்டையை ராவிவிடும். ஏ.என். போல்ட்டில் மரை இல்லாத வழுவழுப்பான கழுத்து எவ்வளவு நீளம் என்பதுதான் முக்கியம். அதற்காகத்தான் நீளம் ஒவ்வொரு நூலாக ஏறுகிறது.

இப்போது குழாய். வரைபடக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர் அலுமினியக் கடையைத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்க விமானக் குழாய்களின் சுவர்த் தடிமனைப் பாருங்கள்: 0.035, 0.049, 0.058, 0.065 இன்ச். இதென்ன கோக்குமாக்கான எண்கள் என்று எனக்கு ரெண்டு நாள் குடைந்துகொண்டே இருந்தது. வீட்டில் கிடந்த பழைய பட்டியலைப் புரட்டியதும் விடை கிடைத்தது. அதெல்லாம் பழைய பர்மிங்காம் கேஜ், அதாவது தடிமனுக்குப் போட்ட வரிசை எண்கள். 20, 18, 17, 16. நம் கடைகளில் 'கேஜ்' என்றால் எஸ்.டபிள்யூ.ஜி. என்கிற வேறொரு பட்டியல். அதில் அதே 20, 18, 17, 16 முறையே 0.036, 0.048, 0.056, 0.064. பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. ஆனால் ஒரே வீடு இல்லை.

ரெண்டு தவ் (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பாகம் ஒரு தவ்) வித்தியாசத்தில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். 0.058 சுவர்க் குழாய்க்கு ஒரு குணம் உண்டு. வெளிவிட்டம் ஒவ்வொரு நூலாக ஏறும் குழாய்களை எடுத்தால், சின்னது பெரிதுக்குள் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். ஒரு நூல் என்பது 125 தவ். சுவர் ரெண்டு பக்கமும் சேர்ந்து 116. மீதி 9 தவ் இடைவெளி. குழாய்க்குள் குழாய் செருகி மூட்டை பலப்படுத்துகிற வேலை எல்லாம் இந்த 9 தவ்வை நம்பித்தான் நடக்கிறது. கடைக்காரர் 17 கேஜ் இல்லை என்றார். "பதினாறு போட்டுக்குங்க, இன்னும் ஸ்ட்ராங்குங்க." அந்த 16 கேஜில் ரெண்டு சுவரும் சேர்ந்தால் 128. 125-க்குள் 128 எப்படிப் போகும்? போகவே போகாது. தடிமனாகப் போட்டால் பலம் என்று நினைத்து வாங்கியவன், உள்ளே செருக வேண்டிய பலத்தையே இழந்துவிடுவான், எடையும் ஏறிவிடும்.

எடை இங்கே விளையாட்டு இல்லை. அமெரிக்காவில் 1982 முதல் இருக்கும் 103-ஆம் விதிப்படி, எஞ்ஜின் இல்லாத ஒற்றை ஆள் ஊர்தி 155 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். 155 பவுண்டு என்றால் 70 கிலோ சொச்சம். ஒன்றரை மூட்டை சிமெண்ட் கூட இல்லை. அந்த வரம்புக்குள் அடக்கத்தான் ஒவ்வொரு குழாயும் இவ்வளவு சன்னமாக இருக்கிறது.

அப்புறம் அலுமினியத்தின் ரகம். வரைபடத்தில் 6061-டி6 என்றிருந்தால் அது ஜன்னல் குழாய் இல்லை. டவுன்ஹால் பக்கம் கேட்டால் எல்லாரும் எடுத்துக் கொடுப்பது 6063. பழைய ஆட்கள் எச்.ஈ.9 என்பார்கள். 6061-டி6 வளையத் தொடங்குவது 276 மெகாபாஸ்கலில். ஜன்னல் ரகம் டி5 பதத்தில் 145-லேயே வளைந்துவிடும். பாதி. பார்வைக்கு ரெண்டும் ஒரே வெள்ளை, தட்டினால் ஒரே சத்தம். பில்லில் ரகமும் பதமும் எழுதி, கூடவே டெஸ்ட் சர்ட்டிபிகேட் கொடுக்கிற கடையில்தான் வாங்க வேண்டும். "நம்புங்கணா" என்கிற கடையில் ஜன்னலுக்கு வாங்கிக்கொள்ளலாம்.

துணியில்தான் கொங்கு நாட்டுக்காரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். இறக்கைக்குப் பாலியஸ்டர் துணி. திருப்பூரையும் சோமனூரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாலியஸ்டர் துணிக்குப் பஞ்சமா என்று ஒரு சட்டைத் துணியை எடுத்துச் சட்டத்தில் ஒட்டி, அயர்ன் பாக்ஸ் வைத்து இழுத்தோம். சுருங்கவே இல்லை. தொட்டில் மாதிரித் தொங்கியது. என் மச்சான் பெருந்துறையில் பிராசசிங் மில்லில் இருக்கிறவர். சிரித்துவிட்டார். "ஸ்டென்டர்ல ஓடுன துணி இனி எதுக்குங்க சுருங்கும்? கிரே துணியத்தான கேக்கோணும்!" ஸ்டென்டர் என்றால் துணியைச் சூட்டில் நிலைப்படுத்துகிற மிஷின். விமானத் துணி என்பது தறியிலிருந்து இறங்கி, அப்படி நிலைப்படுத்தாமல் விட்ட கிரே துணி. அதைச் சட்டத்தில் ஒட்டி அயர்ன் வைத்தால் நூற்றுக்குப் பத்து வரை சுருங்கி முரசுத் தோல் மாதிரி இறுகும். 120 டிகிரி செல்சியஸில் ஆரம்பித்து, படிப்படியாக 175 வரை ஏற்றுவார்கள். மச்சான் கொண்டுவந்த கிரே துணியில் சட்டம் டங்கென்று நின்றது. பறப்பதற்கு இது ஆகாது, சான்று பெற்ற துணிதான் வேண்டும். சுருக்கம் எப்படி வேலை செய்கிறது என்று புரிய இது போதும்.

இத்தனையும் செய்து கடைசியில் நாங்கள் கட்டியது வாலில் நிற்கும் சுக்கான் மட்டும். முழு ஆடு இல்லை, வால் நுனி. ஏன் அதோடு நிறுத்தினோம் என்று கேட்டால், முதல் காரணம் சட்டம். அமெரிக்காவின் 103 இங்கே செல்லாது. நம் நாட்டில் ஆளை ஏற்றிக்கொண்டு காற்றில் எழுகிற எதற்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. கேட்கும், 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2024-ஆம் ஆண்டு பாரதீய வாயுயான் அதினியம் இருக்கிறது. போதாக்குறைக்குச் சூலூரில் விமானப்படைத் தளம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும், உடுமலைப் பக்கம் ஆடியில் ஆளைத் தள்ளுகிற காற்றும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. நான் அனுமதிக் காகிதம் கையில் வருகிற வரைக்கும் காற்றாடியை மட்டும் பார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ரெண்டாவது காரணம், என் அக்கா. "அதுல ஏறி எங்கெ போறாளாமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டது.

இலவசம் என்றதும் எனக்கு முதலில் சந்தேகம்தான். எங்கள் ஊரில் வரைபடத்தை யாரும் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு பம்ப் ஓடினால், அடுத்தவன் அதை வாங்கிப் பிரித்து, சாம்பிள் வைத்து அளந்து, பேட்டர்ன் செய்யச் சொல்வான். நானே செய்து கொடுத்திருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. சாம்பிளைப் பார்த்துச் செய்கிறவனுக்கு அளவு கிடைக்கும், ஏன் அந்த அளவு என்பது கிடைக்காது. அசலில் இருந்த பிழையும் சேர்ந்து வரும். இந்த மனுசன் ஆட்டையே ஒன்று, ரெண்டு என்று எண் போட்டு, மாற்றி மாற்றி வடிவமைத்தவர். அடுத்தடுத்த வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதை மாற்றினார் என்று தெரிகிறது. எதை மாற்றினார் என்று தெரிந்தால், எங்கே உதைத்தது என்று யோசிக்கலாம். அதற்குத்தான் நான் காசு கொடுத்திருப்பேன்.

விமானத்தில் இது புதுசும் இல்லையாம்.  பாரிஸில் இருந்த பிரேசில்காரர் சாண்டோஸ் டுமான்ட், தன் குட்டி விமானம் டெமாய்செல்லின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். 1910-இல் அமெரிக்க இதழ் ஒன்று அதை அப்படியே அச்சடித்தது. அதே காலத்தில் ரைட் சகோதரர்கள் காப்புரிமை வழக்குகளில் அலைந்துகொண்டிருந்தார்கள். எது சரி என்று நான் சொல்ல வரவில்லை, வயிற்றுப்பாடு எல்லாருக்கும் உண்டு.

மார்க் போடச் சொன்னால், வரைபடம் படிக்கத் தெரிந்தவனுக்கு ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது இன்ச்சுக்காக இல்லை, என் கண்ணுக்காக. சின்ன எழுத்தை ஏ3-இல் படிக்க பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. ஏ1-இல் எடுங்கள், காசைப் பார்க்காதீர்கள். எடுக்கும்போது 'நூற்றுக்கு நூறு, ஃபிட் வேண்டாம்' என்று பிரிண்ட் போடுகிறவர் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவனுக்கு மார்க்கே இல்லை, அவன் இதைத் தொடக்கூடாது. முதலில் ஒரு தகட்டைச் செய்து, செய்தது சரியா என்று இன்னொருவனிடம் கொடுத்து அளக்கச் சொல்லட்டும்.

அக்கா மகள் இப்போது கேஜ் பட்டியல் ஒன்றைத் தமிழில் தயார் பண்ணியிருக்கிறாள். ஒரு பக்கம் அமெரிக்கச் சுவர்த் தடிமன், எதிரே நம் கேஜ், அதற்கு எதிரே 'செருகினால் போகும்', 'போகாது'. போல்ட் எண்ணுக்கு எதிரே இன்ச், நூல். கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறோம், காசு வாங்குவதில்லை. 17 கேஜ் 6061 குழாய்க்குப் பெங்களூரில் ஓர் ஆளிடம் விலை கேட்டிருக்கிறோம். 50 கிலோவுக்குக் குறைந்து தரமாட்டாராம். அத்தனையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய? கூட வாங்கிக்கொள்ள யாராவது இருந்தால் பங்கு போடலாம்.

கை மாறி மடித்த அந்தத் தகடு பட்டறைக் கதவுப் பக்கம் ஆணியடித்து நிற்கிறது, சாவி மாட்ட. நாலு இன்ச்சுக்கு ஒரு நூல் குறைந்த முதல் தகட்டை மட்டும் அவள் கொடுக்க மாட்டேன் என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.